எத்தனை ஏபி எடுக்கணும்? அமெரிக்க ஹைஸ்கூல் பாடத் தேர்வுக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் படித்துவிட்டு அமெரிக்காவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் தலைசுற்ற வைக்கும். நமக்குப் பத்தாவது முடிந்ததும் ஒரே ஒரு முடிவுதான்: ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா? குரூப் எடுத்துவிட்டால் வகுப்பில் உள்ள எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை. மார்க்தான் ஆளைப் பிரிக்கும். இங்கே ஒன்பதாவதிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அடுத்த ஆண்டுக்கான பாடங்களைப் பிள்ளையே தேர்ந்தெடுத்துப் படிவம் கொடுக்க வேண்டும். அந்தத் தேர்வையே காலேஜ்கள் எடைபோடுகின்றன. எளிய பாடங்களில் எடுத்த முழு ஏ, கடினமான பாடங்களில் எடுத்த ஏ-க்குச் சமமாகாது.

சங்கத்துப் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றால் காதில் விழுவது ஏபி என்ற காலேஜ் தரப் பாடங்களின் எண்ணிக்கைதான். "அவங்க பையன் பதினாலு ஏபி எடுத்தானாம்." அந்தப் பையன் படித்த பள்ளி எத்தனை ஏபி தருகிறது, அவன் எந்த மாநிலம், எந்த மேஜருக்கு (காலேஜில் படிக்கப் போகும் முதன்மைப் பாடத்துக்கு) விண்ணப்பித்தான் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். இந்தப் பள்ளியில் என்ன கிடைத்தது, அதிலிருந்து இந்தப் பிள்ளை எதை எடுத்தது?

முதலில் சொற்களைத் தெரிந்துகொள்வோம்

ஆனர்ஸ் என்பது பள்ளி தானே நடத்தும் கடினமான பிரிவு. தரம் பள்ளிக்குப் பள்ளி மாறும்.

ஏபியை (அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட்) நடத்துவது, எஸ்ஏடி பரீட்சையையும் நடத்தும் காலேஜ் போர்டு. 1950-களின் நடுவில் தொடங்கியது, இன்று நாற்பது பாடங்கள் அளவில் இருக்கிறது. மே மாதம் நாடு முழுக்க ஒரே பரீட்சை, மதிப்பெண் 1 முதல் 5 வரை.

ஐபி டிப்ளமோ பதினோராவது, பன்னிரண்டாவது இரண்டு ஆண்டுகளுக்கான முழுத் திட்டம். ஆறு பாடங்கள், அவற்றில் குறைந்தது மூன்று உயர்நிலையில். கூடவே 4,000 சொல்லுக்குள் ஒரு ஆய்வுக் கட்டுரை. மொத்தம் 45 புள்ளிகள். எழுதப் பிடித்த பிள்ளைக்கு ஐபி நன்றாக ஒத்துப்போகும். கணக்கிலும் அறிவியலிலும் மட்டும் ஆழமாகப் போக நினைக்கும் பிள்ளைக்கு ஏபி அதிகச் சுதந்திரம் தரும்.

டியூயல் என்ரோல்மென்ட் என்பது ஹைஸ்கூலில் இருந்துகொண்டே கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில்) பாடம் எடுப்பது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

படி 1: பள்ளியின் ப்ரொஃபைலைப் படியுங்கள்

ஒவ்வொரு ஹைஸ்கூலும் "ஸ்கூல் ப்ரொஃபைல்" என்று இரண்டு மூன்று பக்க ஆவணம் ஒன்றை வைத்திருக்கும். பெரும்பாலும் கவுன்சிலிங் பக்கத்திலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். எத்தனை ஏபி தருகிறார்கள், எந்த வகுப்பில் எதை எடுக்க அனுமதி, ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலோடு காலேஜுக்குப் போவதும் இதே தாள்தான்.

பல காலேஜ்களுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் வழியாக விண்ணப்பிக்கும்போது கவுன்சிலர் தனியாக ஒரு ஸ்கூல் ரிப்போர்ட் அனுப்புவார். இந்தப் பள்ளியில் காலேஜுக்குத் தயாராகும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவருடைய பாடத் தேர்வு எவ்வளவு கடினம் என்று அதில் ஒரு கேள்வி. எதிரே சில கட்டங்கள், உச்சியில் "மோஸ்ட் டிமாண்டிங்". கவுன்சிலர் ஒன்றில் டிக் போடுவார். நான்கு வருடப் பாடத் தேர்வும் அந்த ஒரு டிக்கில் வந்து நிற்கிறது.

எனவே ஒன்பதாவது தொடக்கத்திலேயே கவுன்சிலரிடம் நேராகக் கேளுங்கள்: "மோஸ்ட் டிமாண்டிங் என்று டிக் போட நீங்கள் எதை அளவாக வைத்திருக்கிறீர்கள்?" சில பள்ளிகளில் இதற்கு எழுதிய விதியே உண்டு. சில பள்ளிகளில் கவுன்சிலரின் கணிப்புதான். எட்டு ஏபி மட்டுமே தரும் பள்ளியில் ஆறு எடுத்த பிள்ளை, முப்பது தரும் பள்ளியில் எட்டு எடுத்த பிள்ளையைவிட இந்தக் கேள்வியில் மேலே நிற்கலாம். 2018-இல் வாஷிங்டன் டி.சி. பகுதியின் பெயர்பெற்ற எட்டுத் தனியார் பள்ளிகள் சேர்ந்து ஏபியைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தன. பள்ளி தராத பாடத்தை ஏன் எடுக்கவில்லை என்று காலேஜ்கள் பிள்ளையைக் கேட்பதில்லை என்ற தைரியமும் அதற்கு ஒரு காரணம்.

இன்னொரு ஆவணமும் இருக்கிறது. காலேஜின் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று சேர்த்துத் தேடுங்கள். அதில் சி7 என்ற பகுதியில், சேர்க்கையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று அந்தக் காலேஜே கட்டம் கட்டிச் சொல்லியிருக்கும். பாடங்களின் கடினம், ஜிபிஏ, கட்டுரை, டெஸ்ட் ஸ்கோர் என்று வரிசையாக வரும். வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவுரையைவிட இது நம்பகமானது.

படி 2: கணக்குப் பாதையை முதலில் முடிவு செய்யுங்கள்

மற்றப் பாடங்களை வருடா வருடம் யோசிக்கலாம். கணக்கு அப்படியில்லை. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது, அதனால் பன்னிரண்டாவதில் எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்துப் பின்னோக்கி வர வேண்டும்.

வழக்கமான வரிசை அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். எட்டாவதில் அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளை பன்னிரண்டாவதில் கால்குலஸுக்கு வந்துவிடும். ஒன்பதாவதில் அதைத் தொடங்கிய பிள்ளை ப்ரீகால்குலஸோடு நிற்கும். பொறியியல், கணினி, இயற்பியல், பொருளாதாரம் என்று போக நினைத்தால் இடையில் எங்கேயாவது ஒரு வருடம் மிச்சப்படுத்த வேண்டும். கோடையில் ஜியாமெட்ரி எடுப்பது, ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-வையும் ஒரே ஆண்டில் எடுப்பது இரண்டும் வழக்கத்தில் உள்ள வழிகள். ஆனால் அல்ஜீப்ரா 2-வை மட்டும் ஆறு வாரக் கோடை வகுப்பில் அள்ளிப் போட்டு முடிக்காதீர்கள். கால்குலஸில் தடுமாறும் பல பிள்ளைகளுக்குத் தகராறு கால்குலஸில் இருக்காது. லாகரிதமும் பின்னமும்தான் காலை வாரும்.

ஏபி கால்குலஸில் ஏபி, பிசி என்று இரண்டு உண்டு. முதலாவதை "ஏ-பி" என்று பிரித்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவருக்கும் எனக்கும் குழப்பம். ஏ-பியில் உள்ள அத்தனையும் பிசியிலும் இருக்கிறது, மேலே சீரீஸ், போலார், பாராமெட்ரிக் என்று கொஞ்சம் கூடுதல். பிசி பரீட்சை எழுதினால் ஏ-பி பகுதிக்குத் தனி மதிப்பெண்ணும் வரும். ஆகவே ப்ரீகால்குலஸ் உறுதியாக இருந்து, பள்ளியும் அனுமதித்தால் நேரே பிசிக்குப் போகலாம். சில பள்ளிகள் ஏ-பி முடித்தால்தான் பிசி என்று விதி வைத்திருக்கின்றன. அதை எட்டாவதிலேயே விசாரித்துவிடுங்கள்.

ஏபி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நல்ல பாடம். உளவியல், உயிரியல், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு வாழ்க்கை முழுக்கப் பயன்படும். ஆனால் இன்ஜினியரிங் போகும் பிள்ளை கால்குலஸை விட்டுவிட்டு அதை எடுத்தால் விண்ணப்பத்தில் ஓட்டை தெரியும். 2023-24 கல்வியாண்டில் வந்த ஏபி ப்ரீகால்குலஸ் பெயரில் ஏபி என்று இருந்தாலும் கால்குலஸுக்கு மாற்றாகாது.

பள்ளியில் கால்குலஸே இல்லையென்றால் பயப்பட வேண்டாம். கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றையும் கட்டாயமாக வைத்திருந்த கால்டெக்கே 2023-இல், பள்ளியில் கிடைக்காதவர்கள் கான் அகாடமி போன்ற வழிகளில் தேர்ச்சியைக் காட்டலாம் என்று மாற்றிக்கொண்டது.

படி 3: ஐந்து பாடங்களையும் விடாதீர்கள்

ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், அயல்மொழி. கடும் போட்டி உள்ள காலேஜ்கள் இந்த ஐந்தும் நான்கு ஆண்டும் தொடர்கிறதா என்று பார்க்கும். நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இது: பத்தாவது முடிந்ததும் ஸ்பானிஷை விட்டுவிட்டு அந்த நேரத்தில் இன்னொரு அறிவியல் ஏபி. யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) போன்ற பல்கலைக்கழகங்களுக்கு இரண்டு ஆண்டு மொழி போதும், மூன்று இருந்தால் நல்லது என்பார்கள். ஆனால் ஐவி லீக் அளவில் யோசித்தால் மொழியை மூன்றாவது நான்காவது நிலை வரை கொண்டுபோங்கள்.

தமிழ் இங்கே உதவுமா? ஏபி தமிழ் கிடையாது. ஆனால் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்பைச் சில கல்வி மாவட்டங்கள் அயல்மொழி கிரெடிட்டாக ஏற்கின்றன. உங்கள் மாவட்டம் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸீல் ஆஃப் பைலிட்டரஸி என்ற இருமொழித் திறன் முத்திரையும் உண்டு. முதலில் 2011-இல் கலிஃபோர்னியா சட்டமாக்கியது, பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஆனால் அந்த முத்திரையால் மட்டும் அட்மிஷன் கிடைத்துவிடாது. பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதே அதைவிடப் பெரிய லாபம்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். நாம் அதிகம் அலட்சியம் செய்யும் பாடம் ஏபி இங்கிலிஷ் லாங்வேஜ், பெரும்பாலும் பதினோராவதில் வரும். பரீட்சையில் முதல் ஒரு மணி நேரம் 45 கேள்விகள். அடுத்த இரண்டேகால் மணி நேரத்தில் மூன்று கட்டுரைகள்: கொடுத்த ஆதாரங்களை ஒன்றுசேர்த்து வாதம் கட்டுவது ஒன்று, ஒருவரின் எழுத்து படிப்பவரை எப்படி இழுக்கிறது என்று பிரித்துக் காட்டுவது ஒன்று, சொந்த வாதம் ஒன்று. வருடம் முழுக்க வாரா வாரம் எழுதித் திருத்தி எழுதிப் பழகிய பிள்ளைக்கு அடுத்த ஆகஸ்டில் காலேஜ் கட்டுரை எழுத உட்காரும்போது கை நடுங்காது. பதினோராவதில் ஒரே ஒரு ஏபிதான் எடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன், இன்ஜினியரிங் போகிற பிள்ளைக்கும்கூட. அதே ஆண்டில் அமெரிக்க வரலாறு ஏபியும் எடுத்தால் கவனம். ஏழு ஆவணங்களைப் படித்து ஒரு மணி நேரத்தில் கட்டுரை எழுதும் பகுதி அதில் உண்டு, வாராந்திர வாசிப்பும் பக்கம் பக்கமாக வரும்.

படி 4: மேஜருக்குத் தகுந்த இரண்டு மூன்று ஆழமான பாடங்கள்

இன்ஜினியரிங்குக்கு கால்குலஸ் பிசியும் ஏபி ஃபிசிக்ஸ் சி-யும். ஃபிசிக்ஸ் 1, 2 அல்ஜீப்ரா வழியில் நடக்கும், சி கால்குலஸ் வழியில் நடக்கும். கணினிக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ, ஜாவாவில் நிரல் எழுத வைக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபில்ஸ் என்பது அறிமுகப் பாடம். மருத்துவம் நோக்கிப் போகிறவர்களுக்கு ஏபி கெமிஸ்ட்ரியும் பயாலஜியும். ஆனர்ஸ் கெமிஸ்ட்ரி எடுக்காமல் நேரே ஏபி கெமிஸ்ட்ரிக்குக் குதிப்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்லதில்லை.

பதினான்கு வயதில் மேஜர் தெரியாமல் இருப்பது இயல்பு. தெரியாவிட்டால் மூன்றாவது படியில் சொன்ன ஐந்தையும் உறுதியாக வைத்துக்கொண்டால் போதும், எந்தக் கதவும் மூடாது.

உயிரியலில் ஆர்வமுள்ள, நடுத்தரப் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாவதில் ஆனர்ஸ் ஆங்கிலம், ஆனர்ஸ் பயாலஜி, ஜியாமெட்ரி, ஸ்பானிஷ் 2. பள்ளி அனுமதித்தால் ஹ்யூமன் ஜியாக்ரஃபி மட்டும் ஏபி. பத்தாவதில் ஆனர்ஸ் கெமிஸ்ட்ரி, அல்ஜீப்ரா 2, ஏபி உலக வரலாறு, ஸ்பானிஷ் 3. பதினோராவதில் ஏபி லாங்வேஜ், ஏபி பயாலஜி, ப்ரீகால்குலஸ், ஆனர்ஸ் அமெரிக்க வரலாறு, ஸ்பானிஷ் 4. பன்னிரண்டாவதில் ஏபி லிட்டரேச்சர், ஏபி கால்குலஸ் ஏ-பி, ஏபி கெமிஸ்ட்ரி, ஏபி கவர்ன்மென்ட், ஒரு இயற்பியல் வகுப்பு. மொத்தம் எட்டு ஏபி. பதினோராவதில் வரலாற்றை ஆனர்ஸாக விட்டது வேண்டுமென்றேதான். லாங்வேஜ், பயாலஜி இரண்டோடு அதையும் ஏற்றினால் அவள் நடன வகுப்பை விட வேண்டியிருக்கும்.

படி 5: மாநில விதியைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் யூசி வளாகங்கள் ஜிபிஏ-வைத் தாங்களே கணக்கிடுகின்றன. ஒன்பதாவது முடிந்த கோடையிலிருந்து பதினோராவது முடிந்த கோடை வரை எடுத்த, யூசி கட்டாயமாகக் கேட்கும் ஏ-ஜி பாடங்கள் மட்டும் கணக்கில் வரும். ஏபி போன்ற பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி உண்டு, ஆனால் எட்டு செமஸ்டருக்கு மேல் இல்லை, அதிலும் பத்தாவதில் நான்குக்கு மேல் இல்லை. அதாவது அந்த ஜிபிஏ-வுக்கு நான்கு முழு ஆண்டுப் பாடங்களுக்கு மேல் எடுத்தும் எண் ஏறாது. கூடுதலாக எடுத்ததை விண்ணப்பம் படிப்பவர் கவனிப்பார், அது வேறு. வெளிமாநிலப் பிள்ளைகளுக்குப் பள்ளியின் சொந்த ஆனர்ஸுக்கு யூசி கூடுதல் புள்ளி தராது. எஸ்ஏடி மதிப்பெண்ணைச் சேர்க்கைக்கு யூசி பார்ப்பதில்லை என்பதால் டிரான்ஸ்கிரிப்டின் எடை இன்னும் கூடியிருக்கிறது.

டெக்சஸ் கதை வேறு. 1997 சட்டப்படி பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம். யூடி ஆஸ்டின் (யுனிவர்சிட்டி ஆஃப் டெக்சஸ்) மட்டும் அந்த வரம்பைச் சுருக்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர்ச் சேர்க்கைக்கு 5 சதவீதமாக்கியது. கடினமான பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்த்த வெயிட்டட் ஜிபிஏ-வை வைத்து ரேங்க் வருவதால் அங்கே கூடுதல் புள்ளி தரும் பாடங்களுக்கு அடிபிடி. ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கும் பிள்ளை அந்த வகுப்பு சாதாரண எடை என்பதால் ரேங்கில் இறங்குவது அங்கே நிஜமாகவே நடக்கிறது. அப்படிப்பட்ட வகுப்பைப் புள்ளியில்லாமல் பாஸ்-ஃபெயிலாக எடுக்க மாவட்டம் விடுமா என்று கேட்டுப் பாருங்கள்.

படி 6: நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்

பதின்ம வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்கிறது. ஒரு தாளில் 24 மணி நேரத்தை எழுதுங்கள். முதலில் தூக்கத்தைக் கழியுங்கள். பிறகு பள்ளி, பஸ், சாப்பாடு, பாட்டு வகுப்பு, டென்னிஸ். மிச்சம்தான் வீட்டுப்பாடத்துக்கு. ஒவ்வொரு ஏபியும் அந்தப் பள்ளியில் அந்த ஆசிரியரிடம் வாரம் எத்தனை மணி நேரம் கேட்கும் என்று போன வருடம் எடுத்த மாணவரிடம் விசாரியுங்கள். ஒரே பாடம் இரண்டு ஆசிரியர்களிடம் இரண்டு விதமாக இருக்கும்.

"ஏபியில் பி-யா, ஆனர்ஸில் ஏ-வா?" எல்லாரும் கேட்கும் கேள்வி. ஒன்றிரண்டு பி வந்தால் கடினமான பாடமே மேல். பல பாடங்களில் பி விழத் தொடங்கினாலோ, ஒன்றில் சி வந்தாலோ, சுமை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அடுத்த ஆண்டு ஒன்றைக் குறையுங்கள். முதல் ஆண்டில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று என்று ஏறிப் போகும் டிரான்ஸ்கிரிப்ட், பத்தாவதில் ஐந்து எடுத்துப் பதினோராவதில் சரிந்ததைவிட நல்ல அபிப்பிராயம் தரும்.

படி 7: டியூயல் என்ரோல்மென்டின் கண்ணி

பள்ளியில் இல்லாத லீனியர் அல்ஜீப்ராவையோ தத்துவத்தையோ கம்யூனிட்டி காலேஜில் எடுப்பது அருமையான வழி. கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே வாங்கும் கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக ஏறிவிடும். பிற்காலத்தில் மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பச் சேவையான அம்காஸ் வழியாக விண்ணப்பிக்கும்போது ஹைஸ்கூலில் இருந்தபோது எடுத்த காலேஜ் பாடங்களையும் காட்டியாக வேண்டும். பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்த சி இருபத்திரண்டு வயதில் ஜிபிஏ-வில் வந்து உட்காரும். டாக்டராகும் ஆசை உள்ள வீடுகளில் இது தெரிந்திருக்கட்டும்.

கிரெடிட் விஷயத்தையும் முன்கூட்டியே பாருங்கள். ஏபியில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் அரசுக் காலேஜ்கள் கிரெடிட் தர வேண்டும் என்கிறது இலினாய் மாநிலச் சட்டம். டார்ட்மவுத் 2018-இல் பட்டம் பெற்ற வகுப்பிலிருந்தே ஏபிக்குக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. ஒரு செமஸ்டர் ஃபீஸ் மிச்சமாகும் என்ற கணக்கோடு ஏபி எடுப்பவர்கள் போக நினைக்கும் காலேஜின் கிரெடிட் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

படி 8: பரீட்சையும் பன்னிரண்டாவதும்

ஏபி வகுப்பும் ஏபி பரீட்சையும் தனித்தனி. பரீட்சைக்கு நவம்பரிலேயே பதிவு செய்ய வேண்டும். 2025-இல் கட்டணம் 99 டாலர், தாமதமானால் மேலே 40. மதிப்பெண்கள் ஜூலையில் வரும். பெரும்பாலான காலேஜ்களுக்கு விண்ணப்பத்தில் பிள்ளையே மதிப்பெண்ணை எழுதினால் போதும், குறைவாக வந்ததை எழுதாமல் விடலாம்.

பன்னிரண்டாவதின் மே பரீட்சை முடிவு வருவதற்குள் அட்மிஷன் முடிந்துவிடும். எனவே சேர்க்கையைப் பொறுத்தவரை அந்த ஆண்டு என்ன வகுப்பு எடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு, பரீட்சை வெறும் கிரெடிட்டுக்கு. சேரப் போகும் காலேஜ் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் தராது என்று தெரிந்துவிட்டால் பரீட்சையை ரத்து செய்யலாமா, பள்ளி விதி என்ன, ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று ஏப்ரலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காகப் பன்னிரண்டாவதில் கை தளர்த்த முடியாது. பிப்ரவரி வாக்கில் அரையாண்டு மதிப்பெண்களோடு மிட்-இயர் ரிப்போர்ட் போகும், ஜூனில் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் போகும். விண்ணப்பத்தில் ஏபி கெமிஸ்ட்ரி என்று எழுதிவிட்டு ஜனவரியில் அதை விட்டால் காலேஜுக்குத் தெரிவித்தாக வேண்டும். மார்ச்சில் இடம் கொடுத்துவிட்டு ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு. விட வேண்டிய பாடமாக இருந்தால் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ, பள்ளியின் டிராப் கெடு முடிவதற்குள், விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே விட்டுவிடுங்கள். கெடு தேதி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கோர்ஸ் கேட்டலாகின் முதல் சில பக்கங்களில் இருக்கும்.